செல்லோ லெகாட்டோ ஒருவழியாகத் தாளத்தில் விழுந்தது

கணினியில் சாம்பிள் லைப்ரரிகளை (பதிவு செய்து வைத்த வாத்திய ஒலித் தொகுப்புகளை) வைத்து நான் செய்யும் டி மைனர் அடாஜியோவின் (மெதுவான இசைப்பகுதி) நடுப்பகுதி இப்போது கேட்கும்படி இருக்கிறது. பியானோவும் டிம்பனியும் தாளத்தில் சரியாக நிற்க, செல்லோ கவுன்டர் மெலடி (முதன்மை மெட்டுக்கு எதிராக ஓடும் துணை மெட்டு) மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. கேட்ட எல்லோரும் சொன்ன குறையும் அதுதான். குவான்டைஸ் (நோட்டுகளைத் தாளக் கட்டங்களான கிரிட்டில் தானாக ஒட்டவைப்பது) போட்டால் இது தீராது, இன்னும் மோசமாகும். கிரிட்டில் நோட்டு சரியாக உட்கார்ந்தாலும், காதுக்கு வரும் சுரம் கிரிட்டில் இல்லை.

நான் பயன்படுத்தும் தந்தி வாத்திய லைப்ரரியான சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதன் லெகாட்டோவுக்கு (சுரங்களை இடைவெளி இல்லாமல் இணைத்து வாசிப்பது) மூன்று வேகங்கள். வெலாசிட்டி (கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதற்கான எண்) 64 வரை மெதுவானது, 333 மில்லிசெகண்ட் தாமதம். 65 முதல் 100 வரை நடுத்தரம், 250. அதற்கு மேல் வேகமானது, 100. இதைக் கோளாறு என்று சொல்லமாட்டேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு விரல் போகும் அந்த மாறுதலை முழுசாக ரெக்கார்ட் செய்து வைத்திருப்பதால்தான் அந்த லைப்ரரி இவ்வளவு உயிரோடு பாடுகிறது. ஆனால் கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்தால் வெலாசிட்டி 58, 71, 103 என்று இஷ்டத்துக்கு விழும். பக்கத்துப் பக்கத்து நோட்டுகளுக்கே தாமதம் 333, 250, 100 என்று மாறிவிடும். தாளம் தள்ளாடுவதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு டுடோரியல்களில் திரும்பத் திரும்பச் சொல்வது, டிராக் டிலேயில் (டிராக் முழுவதையும் முன்னே பின்னே நகர்த்தும் அமைப்பு) மைனஸ் 250 போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார் என்பது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மூன்று வித தாமதத்துக்கு ஒரே எண் எப்படிப் பொருந்தும்? அதைவிடப் பெரிய சிக்கல், டிராக் டிலே சிசி1-ஐயும் (டைனமிக்ஸை, அதாவது வாசிப்பின் அழுத்தத்தை, மாற்றும் கட்டுப்பாடு) சேர்த்து முன்னால் தள்ளிவிடும். டைனமிக்ஸ் மாற்றத்துக்குத் தாமதம் கிடையாது, உடனே வேலை செய்யும். அதனால் கிரசெண்டோவின் (படிப்படியாக ஏறும் சத்தத்தின்) உச்சி கால் நொடி முன்னாலேயே வந்துவிடும். சுரம் சரியான இடத்தில், அழுத்தம் தவறான இடத்தில். ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் காதுக்குத் தெரியும், எது என்று பிடிபடாது.

எனவே நோட்டு நோட்டாகத் தள்ளுவதுதான் வழி. முதலில் எல்லா வெலாசிட்டியையும் மூன்றே எண்களுக்குக் கொண்டுவர வேண்டும்: மினிமுக்கும் (இரண்டு பீட்) அதைவிட நீண்டதற்கும் 40, குரோச்செட்டுக்கு (ஒரு பீட்) 80, குவேவருக்கும் (அரை பீட்) அதற்குக் கீழேயும் 115. லெகாட்டோவில் வெலாசிட்டி சத்தத்தைத் தொடாது, வேகத்தை மட்டும்தான் தேர்ந்தெடுக்கும், பயப்பட வேண்டாம். 72 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 72 பீட்) செமிகுவேவரின் (கால் பீட்) நீளமே 208 மில்லிசெகண்ட்தான். அதற்கு 250 கேட்கும் மாறுதலைக் கொடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும்.

பிறகு கணக்கு. மில்லிசெகண்டை பிபிஎம்மாலும் பிபிகியூவாலும் (ஒரு குரோச்செட்டில் எத்தனை டிக் என்ற எண்) பெருக்கி 60000-ஆல் வகுத்தால் டிக் கிடைக்கும். நான் பயன்படுத்தும் பதிவு மென்பொருளான ரீப்பரில் பிபிகியூ 960. ஆக 72 பிபிஎம்மில் மெதுவானதுக்கு 384 டிக், நடுத்தரத்துக்கு 288, வேகமானதுக்கு 115. ஒரே வெலாசிட்டி உள்ள நோட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அந்த அளவு இடப்பக்கம் நகர்த்தலாம். நோட்டோடு சிசியும் நகரும் அமைப்பை முன்னாடியே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

நகர்த்திய பிறகு ஒவ்வொரு நோட்டின் முடிவையும் பார்க்க வேண்டும். அடுத்த நோட்டின் தொடக்கத்தைத் தாண்டி முந்தைய நோட்டு கொஞ்சமாவது நீண்டிருந்தால்தான் லெகாட்டோ பிடிக்கும். ஒரு சொற்றொடரின் முதல் நோட்டுக்கு மாறுதலே கிடையாது என்பதால் இந்த எண்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. அதைக் காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

சரிபார்க்க வேவ்ஃபார்மை நம்பாதீர்கள். லெகாட்டோவில் சத்தம் அறுபடாது, அலையில் எந்த அடையாளமும் இருக்காது. செல்லோவை மட்டும் ரெண்டர் செய்து ரீப்பரில் ஸ்பெக்ட்ரல் பீக்ஸ் காட்சியைப் போடுங்கள். சுருதிக்கேற்ப நிறம் மாறும். நிறம் மாறும் இடம் பீட் கோட்டில் விழுகிறதா என்று பார்த்தால் போதும். ரிவெர்பை அணைத்துவிட்டுப் பார்ப்பது முக்கியம், ஹாலின் வால் தாமதத்தை மூடி மறைத்துவிடும்.

ஷார்ட்ஸுக்கு (குறுக்கி வாசிக்கும் நோட்டுகளுக்கு) இவ்வளவு பாடு இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே 60 மில்லிசெகண்ட் என்பதால் தனி டிராக்கில் வைத்து மைனஸ் 60 போட்டால் முடிந்தது. தனி டிராக் எப்படியும் தேவைதான். லெகாட்டோவில் டைனமிக்ஸைப் பார்த்துக்கொள்ளும் அதே மாட் வீல் (சிசி1), ஷார்ட்ஸில் ஸ்டக்காட்டோவா ஸ்பிக்காட்டோவா (குறுக்கி வாசிக்கும் முறைகளில் எது) என்பதைத் தேர்ந்தெடுக்கும். ஒரே டிராக்கில் இரண்டையும் கலந்தால் வளைகோடு தாறுமாறாகிவிடும்.

கான்ட்ராபாஸ் செல்லோவுக்கு ஓர் ஆக்டேவ் கீழே ஓடுகிறது. நோட்டுகளைக் காப்பி செய்யலாம், சிசி1-ஐச் செய்யவே கூடாது. இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கினால் ஆர்மோனியத் துருத்தி அழுத்தின மாதிரி ஆகிவிடும். செல்லோவுக்கு 35 முதல் 70 வரை, பாஸுக்கு 30 முதல் 55 வரை, தனித்தனியாக ஃபேடரைப் பிடித்து வாசித்தேன். பாஸை 12 மில்லிசெகண்ட் பின்னால் விட்டதும் அடித்தளம் அழகாக உட்கார்ந்தது. சிசி11-ஐ (ஒலியளவை மட்டும் மாற்றும் கட்டுப்பாடு) பேலன்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

வயலின் இன்னும் பாக்கி. முதல் வயலினில் 10 பேர். அதே பேட்சில் (லைப்ரரியில் உள்ள ஒரு வாத்தியக் குழுவின் ஒலி) இரண்டு சுரம் சேர்த்து வாசித்தால் 20 பேர் ஆகிவிடுவார்கள். டிவிசி (ஒரே குழு இரண்டாகப் பிரிந்து வாசிப்பது) வரும் பார்களில் அந்தத் தடிப்பு நன்றாகவே கேட்கிறது. மேல் வரியை முதல் வயலினுக்கும் கீழ் வரியை இரண்டாம் வயலினுக்கும் பிரித்துப் பார்க்கப்போகிறேன். இரண்டாம் வயலினில் 7 பேர், மெலிவு சரியாக வரலாம்.

ஹார்ன் நுழையும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். நான்கு ஹார்ன் பேட்சில் மூன்று சுர கார்டு அடித்தால் 12 ஹார்ன் ஊதும். சோலோ பேட்சைத் தனித்தனி டிராக்கில் அடுக்குவதுதான் சரி. இப்போதைக்கு இலவச லைப்ரரியான பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவரின் ஹார்னை இடம்பிடிக்க வைத்திருக்கிறேன். சுமார் 200 எம்பிதான், பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. பிராஸ் லைப்ரரி வாங்க நவம்பர் கடைசித் தள்ளுபடி வரை காத்திருப்பதே நல்லது. அதுவரை வயோலாவுக்கு இதே 384, 288, 115 கணக்கைப் போட்டு முடிக்க வேண்டும். ரிட்டார்டாண்டோ (வேகம் படிப்படியாகக் குறைவது) வரும் கடைசி நான்கு பாரில் மட்டும் பிபிஎம் மாறிக்கொண்டே போகிறது. அங்கே ஒவ்வொரு பாருக்கும் டிக்கைத் தனியாகக் கணக்கிட வேண்டியிருக்கும்.