வைகை கடலைத் தொடும் இடம்

வைகைக் கரையிலேயே வளர்ந்த மதுரைக்காரர்களில் எத்தனை பேர் அது கடலைத் தொடும் இடத்தைப் பார்த்திருப்போம்? ராமநாதபுரம் தாண்டி, ஆற்றங்கரை என்ற ஊருக்குப் போய்வந்தேன். தண்ணீரில் பெரும்பகுதி ராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே தங்கிவிடுகிறது. மிச்சம் வந்தால்தான் பாக் விரிகுடாவுக்கு.

பக்கத்து ஊர் அழகன்குளம், பாண்டியர்களின் பழைய துறைமுகம். 1986 முதல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. எவ்வளவு பெரிய செய்தி! நம் ஊரில் இதைப் பேசுவோர் குறைவு.

கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்புல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாடாபோல் தட்டையான இலை, மணலில் படர்ந்தோடும் தண்டு, அதிலிருந்து இறங்கும் வேர்கள். இது பாசி அல்ல, பூக்கும் தாவரம். ஆழம் குறைந்த இந்த விரிகுடாவில் வெயில் அடிவரை இறங்குவதால் செழித்து வளர்கிறது. இதை மேய்ந்துதான் கடல்பசு வாழ்கிறது. அது ஒரு குட்டி ஈன்றால் அடுத்ததற்குப் பல ஆண்டுகள் ஆகும். வலையில் ஒன்று சிக்கி இறந்தாலும் பேரிழப்புதான். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது, நாட்டிலேயே முதலாவதாக. ராமநாதபுரம் கரைக்கும் அது நீள வேண்டும்.

பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துச் செல்பவர்கள், அடுத்த விடுமுறையில் அழகன்குளத்துக்கும் கூட்டிப் போங்கள்.