செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்: ஒரு மீன் வண்டியின் கதை

காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் டீசல் குட்டியானை. விடியற்காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரே செல்ஃபில் எடுத்துவிடும். ஏலக்கூடத்திலிருந்து திருவொற்றியூர் வரை நாலு இடத்தில் பெட்டி இறக்கி, சூட்டோடு நிறுத்தித் திரும்பச் சாவி போட்டால் 'உர்ர்... உர்ர்' என்று இழுத்து நின்றுவிடும். எங்களிடம் வருவதற்குள் புது பேட்டரி மாட்டியாகிவிட்டது. அடுத்தது செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றி எடுக்கவைக்கும் ஸ்டார்ட்டர்) என்று ஒரு ஷெட்டில் சொல்லியும் அனுப்பியிருந்தார்கள்.

சத்தத்திலேயே பாதி தெரிந்துவிடும். 'டகடகடக' என்று விடாமல் அடித்தால் சோலனாய்டு (மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, வோல்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று அர்த்தம். பேட்டரி டவுன் அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு மோட்டார் அசையாவிட்டால் சோலனாய்டு காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது கார்பன் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பிரஷ்) தேய்ந்திருக்கும். ஸ்பேனரால் மோட்டாரின் மேல் லேசாகத் தட்டியதும் ஓடினால் அநேகமாகக் கார்பன்தான். மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால் பென்டிக்ஸ், அதாவது மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரம். சத்தமே இல்லையென்றால் சாவி ஸ்விட்ச், ரிலே, ஃப்யூஸ் பக்கம் போக வேண்டும். இந்த வண்டி எதிலும் சேரவில்லை. மோட்டார் சுற்றுகிறது, ஆனால் பலமில்லை.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தோம். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்த பிறகு பேட்டரியில் 12.6. நிறைந்த பேட்டரி. (வண்டி ஓடி நின்ற கையோடு அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும், அதற்குத்தான் ஹெட்லைட்.) பிறகு ஸ்டாப் சோலனாய்டின் வயரை உருவிவிட்டோம். டீசல் வராது, செல்ஃப் அடித்தாலும் இன்ஜின் எடுக்காது. நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ஒருவர் சாவி, ஒருவர் மீட்டர். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிதான், பிறகு மோட்டார் ஆறுவதற்கு ஒரு நிமிடம் விட வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 10.6. 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி ஆம்பியர் இழுக்கிறதா என்று பார்க்கலாம். இங்கே இரண்டும் இல்லை. அப்படியென்றால் மோட்டாருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? மோட்டாரின் பெரிய ஸ்டட்டுக்கும் (கரன்ட் உள்ளே போகும் போல்ட்) அதன் உடம்புக்கும் நடுவே அளந்தால் 7.9. வழியில் 2.7 வோல்ட் காணாமல் போகிறது.

அது எங்கே போகிறது என்று தேடுவதுதான் வோல்ட் டிராப் சோதனை. கேபிளின் இரண்டு முனையிலும் மீட்டரின் புரோபை (முள் முனையை) வைத்துச் செல்ஃப் அடித்தால், அந்தக் கேபிள் எவ்வளவு தின்கிறது என்று மீட்டர் நேராகச் சொல்லிவிடும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து மோட்டார் ஸ்டட் வரை 0.3, சோலனாய்டையும் சேர்த்து 0.5 வரை பரவாயில்லை. நெகட்டிவிலிருந்து மோட்டார் உடம்பு வரை 2.4. அங்கே 0.2-க்கு மேல் வரவே கூடாது.

எர்த் பாதையை, அதாவது மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குக் கரன்ட் திரும்பும் வழியை, துண்டு துண்டாகப் பிரித்தோம். புரோபைக் கிளாம்ப்பில் வைக்காமல் ஈயப் போஸ்ட்டின் தலையிலேயே குத்த வேண்டும். போஸ்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் இருக்கும் கோளாறு அப்போதுதான் மாட்டும். போஸ்ட் – கிளாம்ப் 0.05. கிளாம்ப் – சேஸி 0.15. சேஸி – கியர்பாக்ஸ் 2.2. ஆள் கிடைத்துவிட்டான்.

சேஸியையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பின்னல் ஸ்ட்ராப் அது. வெளியே பார்த்தால் முழுசாக இருந்தது. லக்கின் (முனையில் போல்ட் மாட்டும் வளையம்) கழுத்தை வளைத்ததும் பச்சைத் தூள் கொட்டியது. உள்ளே பத்து இழைகூட உருப்படியாக இல்லை. மீன் பெட்டியிலிருந்து சொட்டும் உப்பு ஐஸ் தண்ணீர் சேஸியோடு வழிந்து அங்கேதான் தேங்குகிறது. கடல் காற்று வேறு. இதையே கன்டின்யூட்டியில் (வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் ரேஞ்ச்) வைத்தால் மீட்டர் 'பீப்' என்று அடிக்கும், டெஸ்ட் லேம்ப்பும் பளிச்சென்று எரியும். ஒரே இழை இருந்தால்கூட அதற்குப் போதும். 150 ஆம்பியர் ஓடும்போதுதான் குட்டு உடையும்: 0.015 ஓம் தடை, 2 வோல்ட்டுக்கு மேல் நஷ்டம். இவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் ரேஞ்சில் பிடிக்க முடியாது.

சூட்டில் மட்டும் ஏன் மக்கர்? செம்பு 50 டிகிரி சூடேறினால் அதன் தடை கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடும். ஏற்கெனவே அரைப்பட்டினி கிடந்த மோட்டாருக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் கவ்வவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். பழைய வேகம் வந்தால் எர்த்தான் குற்றவாளி. இங்கே முதல் அடியிலேயே வந்தது. ஆனால் ஸ்க்ரூடிரைவரால் சோலனாய்டைக் குறுக்கே தொட்டு ஓடவிடும் தெரு வைத்தியம் வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி ஆள்மேல் பாயும்.

வேலைக்கு முன் நெகட்டிவ் கிளாம்ப்பை முதலில் கழற்றினோம், மாட்டும்போது கடைசியாக. ஸ்ட்ராப்புக்குப் பதில் 35 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள். ஈயம் பூசிய லக்கைச் சுத்தியலால் நசுக்காமல் கிரிம்ப் டூலில் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டோம். சேஸியில் போல்ட் உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கினோம். கிரீஸ் முறுக்கிய பிறகுதான், மேல்பூச்சாக. முதலிலேயே தடவிவிட்டு முறுக்குபவர்கள் நிறையப் பேர்.

மறுபடி அளந்தால் மொத்த எர்த் டிராப் 0.2. மோட்டாருக்கு 10 வோல்ட் கிடைத்தது. சூடான இன்ஜினிலும் சட்டென்று எடுத்தது.

இன்னொன்று: எர்த் கெட்டால் கரன்ட் சும்மா இருக்காது, கிடைத்த வழியில் ஓடும். ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை இன்ஜின் பக்கம் இளகி, உள்கம்பியோடு ஒட்டியிருந்தது. அதையும் மாற்றினோம், இல்லாவிட்டால் ரேஸ் ஒருநாள் அப்படியே பிடித்துக்கொள்ளும்.