பெயர் இல்லாத கட்டம்

கல்லூரி முடித்த கையோடு சென்னையில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் சேர்ந்தேன். தங்கள் வம்சாவளியைத் தேடும் அமெரிக்கர்களுக்காகப் பழைய ஆவணங்களைப் பார்த்துத் தட்டும் வேலை. கப்பல் பயணிகள் பட்டியல், ஞானஸ்நானப் பதிவேடு, எது வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். ஒரே பதிவை இரண்டு பேர் தட்டுவோம். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாமவர் பார்ப்பார்.

ஒரு நைட் ஷிஃப்டில் 1850 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். உரிமையாளர் பெயரை விட்டால் தட்டுவதற்குப் பெயரே கிடையாது! அவருக்குக் கீழே வரிவரியாக வயது, பால், நிறம். 35, ஆண், கறுப்பு. 30, பெண், கறுப்பு. 8, 6, 3. கைக்குழந்தை என்றால் 4/12, அதாவது நாலு மாதம். கிறுக்கல் கையெழுத்துப் பெயர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய எங்களுக்கு அது விடுமுறை மாதிரி. அன்று டார்கெட்டை இரண்டு மணி நேரம் முன்னதாகவே முடித்தேன். இப்போது சொல்லக் கூசுகிறது.

பெயர் ஏன் இல்லை என்று பிறகுதான் தேடிப் படித்தேன். ஏதோ விட்டுப்போனதல்ல. அடிமைகளின் பெயரையும், ஒவ்வொரு பெண்ணும் எத்தனை பிள்ளை பெற்றாள் என்பதையும் எழுதவேண்டும் என்றுதான் முதலில் திட்டம் இருந்திருக்கிறது. செனட்டில், அடிமை முறை இருந்த தென் மாநிலத்துக்காரர்கள் எதிர்த்து இரண்டையும் எடுக்கவைத்தார்கள். எண் போட்டால் போதுமாம். 32 லட்சம் பேர் அப்படி எண்ணாகிப் போனார்கள்.

சில மாதம் கழித்து அதே காலத்துச் செய்தித்தாள்கள் வந்தன. ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தந்தால் வெகுமதி என்ற விளம்பரங்கள். அங்கே பெரும்பாலும் பெயர் இருந்தது! உயரம், நடை, பேச்சு, யாரைத் தேடிப் போயிருக்கக்கூடும் என்பதுவரை இருந்தது. முதலாளி கைக்குள் இருக்கும்வரை எண், ஓடினால்தான் பெயர். தழும்புகளும் தவறாமல் வரும். வட கரோலினாக்காரர் ஒருவர் 1838இல் கொடுத்த விளம்பரத்தில், ஓடிப்போன பெண்ணின் இடது கன்னத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'எம்' என்ற எழுத்தைப் போட முயன்றேன் என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறார். அடையாளம் சொல்கிறாராம்.

இதே விளம்பரங்களை எங்களுக்கு முன்பே உட்கார்ந்து வாசித்தவர்கள் இருக்கிறார்கள். சாரா கிரிம்கே, ஆஞ்சலினா கிரிம்கே சகோதரிகள். சார்ல்ஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, அதை உதறிவிட்டு வடக்கே வந்தவர்கள். ஆஞ்சலினாவின் கணவர் தியடோர் வெல்ட் நியூயார்க்கில் ஒரு வாசகசாலை கழித்துப்போட்ட தென் மாநிலப் பத்திரிகைகளை வாங்கி வந்தார். நியூ ஜெர்சியில் ஃபோர்ட் லீ வீட்டில் சகோதரிகள் அவற்றை மாதக்கணக்கில் புரட்டி வெட்டியெடுத்தார்கள். 1839இல் அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் அதை நூலாக்கியது. அடிமைகளை நாங்கள் அன்பாகத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்களே காசு கொடுத்து அச்சிட்ட வரிகளைக் காட்டினால் என்ன பதில் சொல்வார்கள்? மேடைப் பேச்சைவிட எனக்கு இந்தக் கத்தரிக்கோல் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. என் தொழில் அப்படி.

அப்புறம் 1860 பட்டியல் வந்தது. 39 லட்சத்துக்கும் மேல். அடிமை வீடுகள் எத்தனை என்று புதிதாக ஒரு கட்டம். பழைய கட்டங்களில் ஒன்று, ஓராண்டுக்குள் ஓடிப்போய் இன்னும் பிடிபடாதவர்களுக்கானது. முன்பு எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருப்பேன். இந்த முறை ஒரு வரியில் கை நின்றுவிட்டது. 22, ஆண், கறுப்பு. அந்தக் கட்டத்தில் 1.

"என்னப்பா, தூங்கிட்டியா?" என்றார் டீம் லீடர்.

"இல்லண்ணா. ஒருத்தன் தப்பிச்சுட்டான்."

எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"பேரு?"

"இல்லண்ணா."

"சரி, அடுத்த இமேஜுக்குப் போ."