தூண்களை எண்ணுதல்: கிரேட் மால்வெர்ன் நாட்குறிப்பு

நவம்பர் 3

இங்கிலாந்தின் கிரேட் மால்வெர்ன் ரயில் நிலையத்தில் ஹெரிஃபோர்டு வண்டி இருபது நிமிடம் தாமதம் என்பதால் தூண்களை அண்ணாந்து பார்க்க நேரம் கிடைத்தது. கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்களின் போதிகைகளில் இலையும் பூவுமாக வண்ணம் தீட்டிய புடைப்பு வேலை. சிற்பி வில்லியம் ஃபோர்சித்தின் கைவண்ணம். பக்கத்துத் தூணின் பூ இந்தத் தூணில் இல்லை. அக்காவிடம் சொன்னேன். "மொத்தம் எத்தனை தூண்?" என்றாள்.

நவம்பர் 4

எண்ணத் தொடங்கினேன். வண்டி வந்துவிட்டது.

நவம்பர் 6

அக்காவின் மருத்துவர் பத்து மணிக்குமேல் அழைப்பதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்குமேல் நான் மலைக்குள் இருந்தேன். கால்வால் சுரங்கம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்; உள்ளே கைப்பேசி செத்துவிடுகிறது. 1861-இல் திறந்த முதல் சுரங்கம் நம்பத்தகாததாகிவிட்டதால் 1926-இல் அதன் அருகிலேயே இதைக் குடைந்தார்கள். பழையதில் இரண்டாம் உலகப் போரின்போது டார்பிடோக்களைச் சேமித்து வைத்திருந்தார்களாம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர்வண்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. வெளிச்சம் வந்ததும் திரையைப் பார்த்தேன். தவறிய அழைப்பு எதுவுமில்லை, அதுவும் நல்லதாகப் படவில்லை.

நவம்பர் 9

நிலையத்துத் தேநீரகத்தில் உட்கார்ந்தேன். இந்த ஊரின் நிலக்கிழாராக இருந்த எமிலி ஃபோலி சீமாட்டியின் பெயர் அதற்கு. நிலையத்தில் அவருக்கெனத் தனிக் காத்திருப்பறையே இருந்ததாம். என்னைப் போன்றவர்களுக்கு நடைமேடைதான் இருந்திருக்கும். கட்டடக் கலைஞர் எல்ம்ஸ்லி வடிவமைத்த இந்த நிலையக் கட்டடம் 1986-இல் தீப்பிடித்து, பின்னர் பழையபடியே சீரமைக்கப்பட்டது என்பதை இன்றைக்கு நான் நம்ப விரும்புகிறேன். பழையபடியே என்ற சொல்லை மட்டும் பலமுறை.

நீர்ச்சிகிச்சைக்காக டார்வின் தம் மகள் ஆனியை இந்த ஊருக்குத்தான் அழைத்து வந்தார். 1851-இல், பத்து வயதில், இங்கேயே இறந்தாள். ரயில் அப்போது வந்திருக்கவில்லை. பிரயரி தேவாலய முற்றத்தில் அவள் கல்லறை இருக்கிறது. அந்த வழியாக நான் போவதில்லை.

நவம்பர் 11

அக்கா நாலு கரண்டி சூப் குடித்தாள்.

நவம்பர் 12

நடைமேடையிலிருந்து அன்றைய இம்பீரியல் விடுதிக்குச் செல்லும் மூடிய நடைவழியைப் 'புழு' என்பார்கள். விடுதி இன்று பள்ளி. மழையில் நனையாமல் நோயாளிகளை நேராகக் கட்டிலுக்கே கொண்டுபோக இத்தனை அக்கறை எடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று நேற்று நெகிழ்ந்தேன். இன்று, அது பணமுள்ள விருந்தாளிகளுக்கான அக்கறை மட்டுமே என்று எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 13

எண்ணிக்கை மறுபடியும் பாதியில். வண்டி இன்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.