சூரியனை உரசிப் போகும் கல்

கோடைக்கானல்ல இருக்கிறவங்க டிசம்பர் 13, 14 ராத்திரி ஏரிக்கரை வெளிச்சத்தை விட்டுட்டு பூம்பாறை பக்கம் போய்ப் பாருங்க. மேகம் வழிவிட்டா ஜெமினிட் எரிகற்கள் அமர்க்களமா இருக்கும்.

எரிகல் மழைன்னா பெரும்பாலும் வால்மீன் உதிர்த்த தூசுதான். ஆனா ஜெமினிடுக்கு மூலம் பேத்தான்ங்கிற சிறுகோள், 1983-ல கண்டுபிடிச்சது. ஒவ்வொரு சுற்றிலும் புதனோட பாதைக்கும் உள்ளே புகுந்து, சூரியனுக்கு சுமார் 2.1 கோடி கிலோமீட்டர் கிட்ட போய்த் திரும்பும். அப்போ மேற்பரப்பு வெப்பம் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல. பாறையே வெடிச்சுப் பொடியாகும்ங்கிறாங்க.

2021-ல சிலியில கண்டுபிடிச்ச இன்னொண்ணு, 113 நாள்ல சூரியனைச் சுத்தி முடிச்சிடுது!

இந்த மாதிரி கற்கள் ஏன் இவ்வளவு லேட்டா சிக்குது? எதிர்ல வர்ற பஸ் ஹெட்லைட் பக்கத்துல மின்மினியைத் தேடுற கதைதான். அந்தி, விடியல்ல அடிவானத்தை ஒட்டிக் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் வாய்ப்பு. நம்ம ஊர் ஆய்வகம் 1901-லேருந்து சூரியனையே பார்த்துட்டிருக்கு. ஆனா அந்த வெளிச்சத்துல இந்தப் பொடிசுங்க எங்கே தெரியப் போகுது!

நடுராத்திரிக்கு மேல போங்க. காட்டுமாடு நிக்குதான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு காரை விட்டு இறங்குங்க. அப்புறம் போனை உள்ளே வைங்க, கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும்.