டிராயிங் யாருக்குப் போகிறது?

ஜூன் பிறந்துவிட்டால் போதும், என் கைப்பேசிக்கு ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் வந்துகொண்டிருக்கும். "அக்கா, கல்லூரி மின்னஞ்சலை வைத்து எடுத்த டிராயிங் சாப்ட்வேர் இன்னும் சில மாதம் ஓடும். இதற்குள் கூலிக்கு ஒரு ஜாப் ஒர்க் வந்திருக்கிறது. முடித்துக் கொடுத்துவிடலாமா?"

கேட்பவர்கள் மெக்கானிக்கல் முடித்த எங்கள் பகுதிப் பிள்ளைகள். நான் கோவை கணபதியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, உலோகம் வார்க்கும் பவுண்டரிகளுக்கும் வார்ப்புக்கு மாதிரி (பேட்டர்ன்) செய்பவர்களுக்கும் பம்பு உதிரிபாக டிராயிங் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவள். லைசென்ஸுக்குச் சொந்தக் காசு கட்டுகிறவள் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது.

கூடாது என்பதுதான் என் பதில். உடனே அடுத்த கேள்வி வரும்: "ஒரே ஒரு டிராயிங்தானே அக்கா?" ஒன்றா நூறா என்று லைசென்ஸ் எண்ணுவதில்லை. ஆட்டோகேட் என்ற டிராயிங் சாப்ட்வேரைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்குத் தரும் இலவச உரிமம் ஓர் ஆண்டுக்கானது. படித்துக்கொண்டிருக்கிறோம் என்று சான்று காட்டினால் புதுப்பித்துக்கொள்ளலாம். கற்பது, கற்பிப்பது, கல்வி நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்வது, இவற்றுக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. பிள்ளைகள் கணக்குப் போடுவது வேறு மாதிரி. ஓர் ஆண்டு கொடுத்திருக்கிறார்கள், அந்த ஆண்டு முழுக்க அது என்னுடையது, அதில் என்ன வரைந்தாலும் யார் கேட்பது? காலக்கெடு முடியும் வரை எல்லாவற்றுக்கும் அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாளே கூலிக்கு ஒரு கோடு போட்டாலும் விதியை மீறியதுதான்.

அந்தக் காலத்தில் இதை யாரும் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை. தாளே சொல்லிவிடும். பழைய ஆட்டோகேட் பதிப்புகளில், கல்விப் பதிப்பில் வரைந்த டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்தால் நாலு ஓரத்திலும் ஒரு வரி ஏறிவிடும்: இது ஆட்டோடெஸ்க் கல்விப் பதிப்பில் உருவாக்கப்பட்டது என்று, ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பம்பின் நத்தை வடிவ உறையான வால்யூட் கேசிங்கின் டிராயிங் ஒன்று அப்படி வெளிவந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கும் பிளாட்டரிலிருந்து ஏ1 தாள் மெல்ல இறங்குகிறது. வெட்டுத்தோற்றம் அருமை, ஹேட்ச் கோடுகள் சீராக இருக்கின்றன, டைட்டில் பிளாக்கில் செக்டு, அப்ரூவ்டு என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. பார்டர் கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் அந்த வரி. அலுவலகத்தில் இருந்ததோ காசு கொடுத்து வாங்கிய பதிப்பு. எங்கிருந்து வந்தது இது?

தேடியதில் ஒரு ஹெக்ஸ் போல்ட் அகப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் கல்லூரி லேபில் வரைந்துவைத்திருந்த போல்ட், நட், வாஷர் பிளாக்குகளை (எந்த டிராயிங்கிலும் எடுத்து வைக்கும் ஆயத்தப் படங்களை) நல்லெண்ணத்தில் அலுவலக லைப்ரரியில் போட்டிருந்தார். அதில் ஒன்றை இன்சர்ட் செய்தால் முழு டிராயிங்குக்கும் அந்த வரி முத்திரையாக ஒட்டிக்கொள்ளும். அந்த டிராயிங்கிலிருந்து எதையாவது நகலெடுத்து ஒட்டினால் அடுத்ததற்கும் போகும். அம்மைபோல் பரவும் இதற்கு நகரத்து டிராப்டிங் சென்டர்கள் எல்லாம் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தன: டிஎக்ஸ்எஃப் என்ற பொதுக் கோப்பு வகையாகச் சேமித்துத் திரும்பத் திறப்பது. முத்திரை போய்விடும். முத்திரைதான் போகும், வரைந்த உரிமம் மாறாது. ஆனால் அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. இப்போதைய பதிப்புகளில் இந்த முத்திரையைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கென்னவோ அது இருந்தவரை நல்லது என்றுதான் படுகிறது. இருபது பக்க ஒப்பந்தத்தில் புரியாதது ஒரு பிரிண்டில் புரிந்துவிடும்.

இன்றும் சில நிறுவனங்கள் கோப்புக்குள்ளேயே அடையாளம் வைக்கின்றன. அனிமேஷன்காரர்கள் பயன்படுத்தும் ஹூடினியில் இலவசமான அப்ரென்டிஸ் பதிப்பு தனி வகைக் கோப்பாகத்தான் சேமிக்கும். அதை வணிகப் பதிப்பில் திறந்தால் கோப்பு உயராது, திறந்தவருடைய வேலைதான் வணிகமல்லாத நிலைக்கு இறங்கும். 3டி மாடல் செய்யும் சாலிட்ஒர்க்ஸில், பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கான மேக்கர்ஸ் பதிப்பில் செய்த மாடலை வணிகப் பதிப்பில் திறக்கவே முடியாது. கடுமைதான், ஆனால் நேர்மையான கடுமை. நாளைக்குத் தொழிலுக்கு எடுத்துப்போக முடியாது என்பது இன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

ஆட்டோடெஸ்கின் 3டி சாப்ட்வேரான ஃபியூஷன் வேறு வழியில் போகிறது. இலவசமான தனிநபர் பதிப்பில் கோப்பின் மேல் கைவைப்பதில்லை, வசதிகளைக் குறைக்கிறார்கள். என் தம்பி மொட்டை மாடி அறையில் கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் ஒரு சின்ன சிஎன்சி ரூட்டர் வைத்திருக்கிறான். வங்கி வேலை, வார இறுதியில் ஃபியூஷனில் வரைந்து மரத்தில் பெயர்ப்பலகை. 2020 அக்டோபருக்குப் பிறகு ஒரே நேரத்தில் பத்து டிசைன்களைத்தான் திருத்தும் நிலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ஒரு எழுத்தை வெட்டி முடித்து அடுத்த எழுத்துக்குப் போகும்போது டூல் மேலே தூக்கி விரைவாக நகர வேண்டும் அல்லவா? தனிநபர் பதிப்பில் அந்த வேகமும் வெட்டும் வேகம்தான். 'சிவகாமி இல்லம்' என்று ஒரு பலகை ஓடும்போது நின்று பார்த்தேன். 'சி' முடிந்து 'வ' தொடங்குவதற்குள் பிட் வெறும் காற்றில் ஊர்ந்து போகிறது. மரத்தூள்கூடப் பறக்கவில்லை. அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுடையது. ஒரு நாளில் நாற்பது பலகை ஓட்டுகிறவருக்கு அந்த ஊர்தல்தான் மின்கட்டணம், ஆள் கூலி எல்லாம். பொழுதுபோக்குக்காரரையும் தொழில்காரரையும் பிரிக்க இதைவிட நல்ல இடம் பார்த்துக் கோடு போட முடியாது.

புதுமனை புகுவிழாவுக்கு என்று நாலு பேர் அவனிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஃபியூஷன் விதியில் வீட்டிலிருந்து செய்யும், வணிகமல்லாத வேலை என்று ஒரு நிபந்தனை, ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று இன்னொன்று. வணிகமே கூடாது என்றால் வருமானம் எங்கிருந்து வரும் என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனாலும் எண்ணைப் போட்டதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். சாலிட்ஒர்க்ஸ் மேக்கர்ஸ் 2,000 டாலர் என்கிறது. அப்படி ஓர் எண் இருந்தால் நோட்டைப் பார்த்து எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். எண் இல்லாத இடங்களில் சின்ன விற்பனைக்காரர்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை. தம்பியிடம் தனியாக நோட்டுப் போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். நம் பணத்தில் எண்பது தொண்ணூறு ஆயிரத்தை நெருங்கும்போது உட்கார்ந்து பேசலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து உங்களுக்கல்ல, உங்களை நம்பி வேலை கொடுத்தவருக்கு. ஆன்ஷேப் என்று பிரவுசரிலேயே ஓடும் கேட் (கம்ப்யூட்டரில் வரையும்) சாப்ட்வேர் இருக்கிறது. அருமையான கருவி. அதன் இலவசத் திட்டத்தில் வணிக வேலை கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் வரைவது எல்லாம் பொதுவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலெடுக்கலாம். ஒரு பம்புக்காரர் இரண்டு ஆண்டு சோதனை ஓட்டிக் கண்டுபிடித்த தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறக்கை வளைவை, செலவில்லாமல் முடிக்கலாம் என்று அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

லாபத்துக்கா இல்லையா என்ற இந்த வித்தியாசத்தை நம் நாட்டுச் சட்டமும் பார்க்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்றொரு பிரிவு. உரிமை மீறிய கணினி நிரல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் காரணத்தை எழுதிவைத்துச் சிறையை விட்டுவிடலாம், 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நிறுத்தலாம். இது திருட்டு நகலுக்கானது. கல்வி உரிமத்தை மீறுவது முதலில் ஒப்பந்த மீறல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பிள்ளைகளைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை.

அப்படியானால் முதல் ஜாப் ஒர்க்கை எதில் செய்வது? 2டி டிராயிங் மட்டும் என்றால் இலவசமான, தொழிலுக்கும் தடையில்லாத லிப்ரேகேட் போதும், டிஎக்ஸ்எஃப் ஆகக் கொடுத்துவிடலாம். 3டிக்கு அதேபோன்ற ஃப்ரீகேட். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்த பிறகு, முன்னால் ஒரு ஸ்கெட்சைத் திருத்தினால் பின்னால் இருக்கும் முகங்கள் எல்லாம் இடம் மாறிப்போகும் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. பிராக்கெட், பிளேட், ஷாப்ட், பேஸ் ஃபிரேம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். வால்யூட் மாதிரி வளைவுகள் உள்ள காஸ்டிங்குக்கு ஃபில்லட் போட்டு மூலைகளை வளைக்கும்போது இன்னும் முரண்டு பிடிக்கிறது, அதை மறைத்துப் பேச மாட்டேன். சர்க்கியூட் போர்டு பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முன்பு போர்டு வரையும் ஈகிள் சாப்ட்வேரின் இலவசப் பதிப்பில் 100 மி.மீ.க்கு 80 மி.மீ. அளவுக்குள் போர்டை அடக்கத் திண்டாடினார்கள். இன்று அதே வேலைக்கான கைகேட் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கிடைக்கிறது. 1992இல் பிரான்ஸில் ஒருவர் தொடங்கியதை 2013க்குப் பிறகு செர்ன் ஆய்வுக்கூடம் கைகொடுத்து வளர்த்தது. படிப்பதற்கும் விற்பதற்கும் ஒரே லைசென்ஸ்.

வேலை நிலையாக வரத் தொடங்கிய பிறகு காசு கொடுத்து வாங்குங்கள். ஆட்டோடெஸ்க் 2016 பிப்ரவரியிலிருந்து தனி சாப்ட்வேர்களை ஒரே தடவையாக விற்பதை நிறுத்திவிட்டது, சந்தாதான். ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ள விரும்பினால் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றை விசாரித்துப் பாருங்கள்.

நிரல் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நிரல் எழுத மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி பதிப்பில் தனிநபர் ஒருவர் விற்பனைக்கே செயலி எழுதலாம். சின்ன நிறுவனம் என்றால் ஐந்து பேர் வரை பயன்படுத்தலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கே சங்கடமாக இருக்கும் ஓர் இடம், இறுதியாண்டு புராஜெக்ட். எங்கள் ஊரில் அது ஏதாவது ஒரு பட்டறையில்தான் நடக்கும். மாணவி கல்லூரி உரிமத்தில், துளையிடும்போது பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஜிக் வரைகிறாள். அவளுக்கு அது படிப்பு, மதிப்பெண். பட்டறைக்கோ மறுநாள் காலை மெஷினில் ஏற்ற வேண்டிய டிராயிங். ஸ்டைபெண்ட் கொடுக்கவில்லையே என்று முதலாளி சொல்வது பதிலாகாது. அந்த ஜிக்கில் பிடித்துத் துளையிட்ட காஸ்டிங்கை அவர் விற்கத்தான் போகிறார். ரிப்போர்ட்டுக்குப் போகும் டிராயிங் வேறு, ஷாப் ஃப்ளோருக்குப் போவது வேறு, இரண்டாவதைப் பட்டறையின் சொந்த லைசென்ஸில் வரைய வேண்டும் என்பது என் கட்சி. சொன்னால் சிரிப்பவர்கள்தான் அதிகம்.

சென்ற ஆண்டு சிங்காநல்லூர் பக்கம் ஒரு முதலாளி சிரிக்கவில்லை. "எங்கள் டிசைன் அறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது, அங்கேயே உட்கார்ந்து போடட்டும்" என்றார். மாணவியின் அப்பா தினமும் வந்து கூட்டிப்போனார். கல்லூரி ரிப்போர்ட்டில் ஒட்டுவதற்கு, முதலாளியின் அனுமதியோடு, அதே டிராயிங்கின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.