டிரெய்லருக்குப் பின்விளக்கு

"அண்ணே, பின்னால ஒரு லைட்டும் எரியல! பாத்துப் போங்க!"

மலேசியாவின் பினாங்குப் பாலத்தில், இரவு ஒன்பது மணிக்கு, பக்கத்தில் வந்து கத்திவிட்டுப் போனார் ஒரு மோட்டார் சைக்கிள்காரர். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் வேல் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் தமிழில் பேசியிருப்பார். அந்த "அண்ணே" காதில் இனித்து முடிவதற்குள் வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் எஸ்யூவிக்குப் பின்னால் அன்று மாலைதான் மாட்டிய டிரெய்லர். அதில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வாங்கிய டிரம்களும் இரும்புக் குழாய்களும். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் எங்கே நிறுத்துவது? இடது ஓரமாக, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, தீவுக்குள் வந்து சேரும்வரை கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இவ்வளவு பயம் எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் ராத்திரி ரோட்டில் போனவர்களுக்கும் தெரியும். டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர், மலை மாதிரி கரும்பு, பின்னால் விளக்கே இருக்காது. சோகை தொங்கிக் கிடப்பதால் ஒட்டியிருக்கும் சிவப்பு ஸ்டிக்கரும் தெரியாது. 2009 தை மாதம் என் மாமா அப்படி ஒரு வண்டியின் பின்னால் பைக்கோடு போய் மோதினார். உயிர் பிழைத்தார். வலது கால் இன்றுவரை மடங்காது. அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற எனக்கு, ஒரு சின்ன சிவப்பு விளக்கு என்பது சின்ன விஷயமே இல்லை.

டிரெய்லர் மாட்டிய கடையில் கொக்கி வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். சேஸிஸில் போல்ட் போட்டு முறுக்கி, 50 மில்லிமீட்டர் பந்து வைத்து, பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டியிருந்தார்கள். வயரிங்கைத்தான் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பகலில் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டியபோது எல்லாம் எரிந்தது. நானும் சரி என்று காசைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வண்டியில் கீறல் விழுந்தால் ஓட்டுகிறவனுக்கு நஷ்டம். பின்விளக்கு எரியவில்லை என்றால் பின்னால் வருகிற முகம் தெரியாத ஒருவருக்கு நஷ்டம். அந்த வேலையையா அவசரமாகச் செய்வது?

மறுநாள் தெரிந்தவர் சொல்லி வேறொரு பெங்கெலுக்குப் போனேன். மெக்கானிக் கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அங்கே இருந்த பெரியவரை எல்லோரும் போர்மன் என்றார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறியாச்சா தம்பி?"

ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வெள்ளியிலேயே, அதாவது ரிங்கிட்டிலேயே, கணக்குப் போடுகிறேன், ரூபாயாக மாற்றிப் பார்ப்பதை விட்டு நாளாகிவிட்டது. இனி நான் பினாங்குக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் ஆயாவின் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆயா போனபின் எங்கள் வீட்டில் யாரும் பசியாறவில்லை; டிபன் சாப்பிடுகிறோம். ஆயாவின் சொல் இங்கே, எஞ்சின் எண்ணெய் வாசனைக்கு நடுவில், நல்ல புழக்கத்தில் இருக்கிறது.

போர்மன் ஏழு முனை சாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாடமே எடுத்தார். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், பழுப்பு வலது பின்விளக்கு, கறுப்பு இடது பின்விளக்கு. நீலம் பனிமூட்ட விளக்குக்கு. "இதெல்லாம் கெட்டா ஒரு லைட்டுதான் போகும் தம்பி. இந்த வெள்ளை கெட்டா மொத்தமும் போச்சு." வெள்ளை, எர்த் வயர். முந்தைய கடையில் அதைப் பெயிண்ட் அடித்த போல்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. மரைவழியாகக் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்ததால் பகலில் ஒற்றை விளக்கு எரிந்திருக்கிறது. ராத்திரி எல்லாம் சேர்ந்து எரியவேண்டி வந்தபோது தாங்கவில்லை. பாலத்தின் அதிர்வில் அந்தத் தொடுதலும் விட்டுப்போயிற்று. எர்த் பாதி விட்டிருந்தால் இன்னும் ஆபத்தாம். திரும்ப வழி கிடைக்காத கரண்ட் மற்ற பல்புகள் வழியாகப் போகும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். பின்னால் வருபவர் என்னவென்று புரிந்துகொள்வார்? கொக்கியின் பந்து வழியாக எர்த் கிடைக்கும் என்று விடுவதும் தப்பு, பந்தில் கிரீஸ் இருக்கும் என்றார்.

அப்புறம் பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். எர்த் வைக்கும் இடத்தை இரும்பு பளபளக்கும்வரை சுரண்டினார். வளைய டெர்மினல் வைத்து முடுக்கி, துருப்பிடிக்காமல் கிரீஸ் பூசினார். தீவில் உப்புக்காற்று சும்மா விடாது. முறுக்கி டேப் சுற்றியிருந்த இடங்களையெல்லாம் வெட்டி எடுத்து, கிரிம்ப் செய்து, சூடுபட்டால் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினார். புது வண்டியின் கம்ப்யூட்டர் எந்த பல்புக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்று கவனிக்கும் என்பதால், தனி ரிலே பெட்டி வைத்து பேட்டரியிலிருந்து நேராக இழுத்தார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். வண்டி வளைந்து திரும்பும்போது இழுபடாமல் வயரைத் தளர்வாக விட்டு, சைலன்சர் சூடு படாத பக்கமாகக் கட்டினார். மூன்று மணி நேரம். 280 வெள்ளி. கேட்டதற்கு மேல் கொடுக்கப் போனேன், "பந்தலுக்குப் போடுங்க தம்பி" என்று திருப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தோம். மனைவி பின்னால் நின்றாள். "இடது... வலது... பிரேக்கு... ரைட், போலாம்!" என்று ஊர் கண்டக்டர் மாதிரி டிரெய்லரைத் தட்டினாள். எனக்கு ஒரு நிமிடம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு கண்ணுக்குள் வந்துவிட்டது, பலாப்பழ வாசனையோடு.

ரதம் வரும் வழியில் உடைப்பதற்கு மூட்டை மூட்டையாகத் தேங்காய் ஏற்றவேண்டியிருந்தது. அதற்கு முன்னால் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருக்கிறது என்றார். ராத்திரியில் வெளியே போவதில்லை என்றார். போனைத் திருப்பி டிரெய்லரைக் காட்டினேன். மனைவி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது.

மாமா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லுடா" என்றார்.